நான் சாத்திய யன்னல்

தங்கைக்கு வந்த சம்பந்தத்தை வேண்டாம் என்று சொல்லப் போனைக் கையில் எடுத்தவள் நான்தான். அதை இன்றுவரை அவள் கணவரிடம் சொன்னதில்லை.

மாப்பிள்ளை வவுணதீவில் வயல் செய்பவர். கல்யாணம் முடிந்ததும், எங்கள் வழக்கப்படி, களுவாஞ்சிக்குடியில் தங்கைக்குச் சீதனமாகக் கட்டிய வீட்டுக்கு வந்துவிடுவார். ஒன்றே ஒன்று கேட்டிருந்தார்: தனியாக இருக்கும் தன் தாயையும் கூட்டிவர வேண்டும்.

அதைப் பேச வீட்டார் எட்டுப் பேர் ஓர் அறைக்குள் கூடினோம். அயலுக்குக் கேட்டுவிடுமே என்று கதவையும் யன்னலையும் நானே சாத்தினேன். வெள்ளிக்கிழமை என்பதால் சாம்பிராணிப் புகை வேறு. ஒரு மணித்தியாலத்தில் எல்லோருக்கும் தலையிடி, எரிச்சல்.

"இப்பவே தாயோட வாறவன், நாளைக்கு வீட்டையும் தன்ர பேருக்கு எழுதக் கேப்பான்" என்றேன். எங்கள் மாமாவும் "ஓம், சரிதான்" என்றார். நான் போனை எடுத்தேன்.

தங்கை எழும்பி யன்னலைத் தள்ளித் திறந்தாள். "கேக்கிறவங்க கேக்கட்டும் அக்கா. எனக்கு மூச்சு முட்டுது."

வாவிக் காற்று உள்ளே வந்தது. புகை கலைந்து தலை தெளியத் தெளிய, நான் சொன்னது எனக்கே அசிங்கமாகப் பட்டது. தாயைத் தனியே விட மனமில்லாத ஒருவனையா வேண்டாம் என்கிறோம்?

மாமாதான் கேட்டார்: "நாம எதுக்கு, புள்ள, வேணாமெண்டு சொல்ற?"

மாப்பிள்ளை வீட்டு எண்ணை அழுத்தினேன். போனில் சம்மதத்தைத்தான் சொன்னேன்.

இப்போது தங்கை வீட்டுக்கு எந்நேரம் போனாலும் யன்னல்கள் விரியத் திறந்திருக்கும். விடிந்ததும் திறந்துவிடுவது மாப்பிள்ளையின் தாய்தான். "இதில இரு மகள், நல்ல காத்து" என்று எனக்கென்று கதிரையை இழுத்துப் போடுவார். நான் தலை குனிந்துகொண்டு உட்காருவேன்.