பாவாடைப் பை

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண்கள் பள்ளியின் பழைய மாணவியர் அறைக்குள் நுழைந்தேன். அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறியதும் ஆறு வயதுக்குப் போய்விட்டேன்.

அப்போது விஜயநகரில் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் பக்கத்தில் தகரக் கொட்டகையில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் கட்டட வேலை. எங்கள் வீட்டில் அதுவரை யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. அந்தப் பெண்கள் பள்ளியில் படித்து முடித்த அக்காக்கள் வாராவாரம் வந்து, எங்களைப் போன்ற பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துவிடுவார்கள். அந்துருண்டை போட்டுப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த தங்கள் சீருடைகளை வெட்டி, அவர்களே பை தைத்தும் தருவார்கள். எனக்கு வந்தது சாந்தா அக்காவின் நீலப் பாவாடையில் தைத்த பை. பாவாடையின் மடிப்புகூடக் கலையவில்லை.

பள்ளியில் சேரும் நாளன்று, “பொம்பளப் புள்ள பாவாடையத் தூக்கிட்டுப் போறான்!” என்று கொட்டகைப் பையன்கள் சிரித்தார்கள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“ஸ்கூலே பேடா!” பள்ளிக்கூடமே வேண்டாம் என்று கன்னடத்தில் கத்தினேன்.

“அப்ப வா, செங்கல் தூக்கு,” என்றார் அப்பா. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அம்மா கலங்கிப்போய், என்னைக் கூட்டிப்போக வந்திருந்த சாந்தா அக்காவைப் பார்த்தாள்.

சாந்தா அக்காவும் என் எதிரே தரையிலேயே உட்கார்ந்தார். “டேய், இந்தப் பாவாடையப் போட்டுக்கிட்டுத்தான் நான் கணக்குல ஃபெயிலானேன். இதுலயேதான் கண்ணத் தொடச்சேன். நீயாவது இதப் பாஸ் பண்ண வைடா.”

பாவாடையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தேன்.

போன ஞாயிறன்று, இன்னொரு பிள்ளைக்குப் பை தைப்பதற்காக என் கல்லூரிச் சீருடைப் பேன்ட்டைக் கொண்டுபோயிருந்தேன். தலை நரைத்த சாந்தா அக்கா அதை விரித்துப் பிடித்து, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“இது கணக்குல எப்படிடா?”

“பாஸ், அக்கா.”

“அப்ப சரி,” என்று கத்தரியை எடுத்தார்.