பூவாடைச் சேலை

பெரியப்பா பொய் சொன்னார். உயிரோடு இருந்த பெரியம்மா செத்துப்போனதாக ஊரையே நம்பவைத்தார். நானும் நம்பினேன். அந்தப் பொய்க்குச் சாட்சியாக ஓர் அரக்குச் சேலை இன்றைக்கும் என் பெட்டியில் கிடக்கிறது.

புருஷன் இருக்கும்போதே பூவும் பொட்டுமாய்ப் போய்ச் சேர்ந்தவளை வீட்டுத் தெய்வமாக்கி, புதுச்சேலை வைத்துக் கும்பிடுவது எங்கள் வழக்கம். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், பெரியப்பா வீட்டில், தை பிறந்தால் இந்தப் பூவாடைப் படையல் தவறாது. மூத்தவள் கிள்ளானில் வாந்திபேதியில் போனாள் என்று சொல்லித்தான் அவர் சின்னம்மாவைக் கட்டினார். படைத்த சேலையை வருஷா வருஷம் சின்னம்மாதான் உடுத்துவாள். பாவம், அவளுக்கும் உண்மை தெரியாது. பிள்ளையைப் பறிகொடுத்து, தூக்கமில்லாமல் தண்டவாளத்தோரம் அலைந்த பெரியம்மாவை, வடக்கே இருந்த பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்திருந்தார் பெரியப்பா.

எனக்குக் கல்யாணமாகி அடுத்த வீட்டிலேயே குடியிருந்த காலம். படையலுக்குச் சேலை எடுத்து வைத்திருந்த வாரம், ஆஸ்பத்திரி ஆள் ஒருவர், முடி ஒட்ட வெட்டிய ஒரு கிழவியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். "குணமாகி ரொம்ப வருஷமாச்சுங்க. கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லி அனுப்பி எங்களுக்கே அலுத்துப்போச்சு" என்றார். யாரென்று கேட்ட சின்னம்மாவிடம் பெரியப்பா, "தூரத்துச் சொந்தம்" என்றார். கிழவி சிரித்தாள். "தூரந்தான். ரயில்ல வரவே ஒரு பகல் ஆச்சு."

விறகு அடுக்கிய பின்கட்டில் அவளுக்குப் பாய் போட்டார்கள். கதவு திறந்தே கிடந்தாலும் யாராவது "போ" என்று சொல்லும்வரை நிலைப்படியில் நிற்பாள். அதைப் பார்த்தும் பெரியப்பா வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

படையலன்று மட்டும் அவள் யாரும் சொல்லாமலே உள்ளே வந்தாள். "யாருக்குடி இது?" என்றாள். சின்னம்மா, "மூத்தவங்களுக்கு" என்று சொல்லி, மூத்தவளின் பேரையும் சொன்னாள். "அப்ப எனக்குத்தான்" என்று சேலையை எடுத்துச் சுற்றிக்கொண்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். சின்னம்மா பெரியப்பாவைப் பார்த்தாள். அவர் குத்துவிளக்கைப் பார்த்தார். அந்த ஒரு பார்வையில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சோற்றை அள்ளி வைத்து, "சாப்பிடுங்கக்கா, ஆறுது" என்றாள்.

அதன் பிறகு இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்தார்கள். பெரியப்பா மட்டும் வெளியில் கடைசிவரை 'தூரத்துச் சொந்தம்' என்றே சொன்னார். போன மாதம் பெரியம்மா நிஜமாகவே செத்தபோது, "அவளுக்குத்தான் அப்பவே காரியம் பண்ணியாச்சே, இன்னொரு தடவை எதுக்கு?" என்று சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. என் வீட்டுக்காரர்தான் கொள்ளி வைத்தார்.

படையலன்று அவள் சிந்திய சாம்பார்க் கறை சேலையில் அப்படியே இருக்கிறது. நான் துவைக்கவில்லை. செத்தவள் சோறு சிந்தமாட்டாள், பெரியப்பா. வருகிற தையில் கோயில் வாசலில் பரிவட்டம் கட்டிக்கொண்டு முதல் மரியாதைக்கு நிற்பீர்கள். இந்தச் சேலையோடு நானும் வந்து எதிரில் நிற்பேன். உயிரோடு இருந்தவளுக்கு ஏன் படையல் போட்டீர்கள்? அத்தனை பேர் முன்னாலும், அவள் பேரைச் சொல்லி, பதில் சொல்லுங்கள்.