நாலு சரணமும் ஒரு தாடியும்

எங்கள் ராயபுரம் நாடகத்தில் கதாநாயகி பாடும் பாட்டுக்கு முதலில் இரண்டே சரணம். எனக்காகத்தான் அதை நாலாக்கினார்கள். நான் மந்திரி, அடுத்த காட்சியில் வரும் சாமியாரும் நானே. பாட்டுக்கு முன் ஹார்மோனியம் தொடங்கியதும் திரைக்குப் பின்னால் ஓடி, ஜரிகைக் கோட்டைக் கழற்றி, காவி சுற்றி, கோந்து தடவித் தாடி ஒட்ட வேண்டும். நாலு வருஷம் ஓடினேன். தாடி காய்வதற்குள் பாட்டு முடிந்துவிடுமோ என்று ஒவ்வொரு தடவையும் பயம்.

அந்த நாடகத்தைப் படமாக்க ஒரு கம்பெனி வந்தது. கதாநாயகி வேஷம், நாடகத்தில் அதைப் போட்டவளுக்கே. சாமியாருக்கு வேறு நடிகரைப் போட்டார்கள். எனக்கு மந்திரி மட்டும்; அதுவும் முதல் நாள் படப்பிடிப்பில் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும் என்றார் டைரக்டர். நாலாம் வகுப்போடு நின்றவன் நான். எல்லார் முன்னாலும் வசனக் காகிதத்தைப் படிக்கச் சொல்லிவிடுவாரோ என்று மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

படிக்கச் சொல்லவில்லை. கேமராவுக்கு முன்னால் நிற்க வைத்து, பதிவு செய்திருந்த பாட்டை ஒலிபெருக்கியில் போட்டார்கள். ஹார்மோனியம் கேட்டதுதான் தெரியும். கால் தானாக ஓடிற்று. மேக்கப் அறையில் இருந்த தாடியை ஒட்டிக்கொண்டு மூச்சு வாங்க வந்து நின்றேன். பாட்டை எப்போதோ நிறுத்தியிருந்தார்கள்.

"யாருய்யா இந்தச் சாமியார்?" என்றார் டைரக்டர்.

"ஐயே, நம்ம மந்திரிதான் சார்," என்றாள் அவள். "இன்னா அண்ணாத்தே, அதுக்குள்ள சாமியாராப் பூட்ட?"

"பாட்டு முடிஞ்சிடப் போவுதுன்னு பயந்துகினு..."

"மிசின் பாட்டு அண்ணாத்தே. ஆயிரம் வாட்டி போடுவாங்கோ. நீ இன்னாத்துக்குப் பேஜாராவுற?"

எல்லாரும் சிரித்தார்கள், டைரக்டரைத் தவிர. தாடியைப் பிய்த்துவிட்டு ஓரமாக உட்காரச் சொன்னார். மந்திரி இல்லாமலே எடுத்துப் பார்க்கலாம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. கன்னம் எரிந்தது. வேஷம் போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

மறுபடி பாட்டைப் போட்டார்கள். அவள் பிந்தி வாயசைத்தாள். அடுத்த தடவை முந்திவிட்டாள். மூன்றாவது தடவை வாயே திறக்கவில்லை.

"என்னம்மா ஆச்சு?"

"அவரு ஓடணும் சார். அண்ணாத்தே தெரைக்குப் பின்னால மறைஞ்சாதான் எனக்குப் பாட்டு எடுக்க வரும். நாலு வருசமா அப்டித்தான் கீது."

டைரக்டர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். "சரி, வந்து ஓடுய்யா. தாடி வேணாம்."

ஓடினேன். அவள் சரியாக வாயசைத்தாள். அன்றைக்கு ஆறு தடவை ஓடினேன். ஒவ்வொரு தடவையும் செட்டுக்கு வைத்திருந்த தட்டிக்குப் பின்னால் போய், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

சாயங்காலம் கிளம்பும்போது டைரக்டர், "மந்திரி, நாளைக்கு ஏழு மணிக்கு வந்துடுங்க," என்றார்.

மந்திரி என்றுதானே சொன்னார் என்று வண்டியில் அவளிடம் இரண்டு தடவை கேட்டேன்.

"மந்திரின்னுதான் சொன்னாரு. என் காதாலே கேட்டேன். கம்முனு வா அண்ணாத்தே."