எட்டாம் மாதத்துக் கோடு

இரண்டு விரல் அகலத்தில் ஒரு காகிதத் துண்டு என் பெட்டியில் கிடந்தது. கட்டம் போட்ட காகிதத்தில் மங்கிப்போன ஒரு கோடு. பின்பக்கம் டாக்டரம்மாவின் கையெழுத்தில் '32 வாரம்'.

எழுபதுகளில் தர்மபுரிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நான் நர்ஸ். ஈ.சி.ஜி. மெஷின் வந்ததிலிருந்து டாக்டரம்மாவுக்கு ஒரு பைத்தியம் பிடித்துக்கொண்டது. பெற்றவள் சம்மதித்தால் போதும், பிறந்த குழந்தைக்கெல்லாம் கோடு எடுத்துப் பார்ப்பார். பெரியவர்களுக்கான ரப்பர் பட்டை அந்தக் கால்களை மூன்று சுற்று சுற்றும். குழந்தை உதைக்கும், கோடு கிறுக்கலாகும், நான் மறுபடி ஜெல்லி தடவ வேண்டும். "நல்லா இருக்கற கொழந்தைக்கு எதுக்குங்கம்மா இது?" என்று ஒருநாள் எரிச்சலோடு கேட்டுவிட்டேன். "நல்லா இருந்தா கோடு எப்படி இருக்கும்னு தெரிய வேணாமா சிஸ்டர்?" என்றார். ஒவ்வொரு துண்டிலும் எத்தனை மாதத்தில் பிறந்தது என்று குறித்து பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்பார்.

பாப்பாரப்பட்டிப் பக்கமிருந்து வந்த ஒருத்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. உள்ளங்கையில் அடங்கிவிடும் போலிருந்தது. "பத்து மாசம் நெறஞ்சிருச்சுங்க" என்றாள். மாமியாரும் அதையே சொன்னார். நிறைமாதக் குழந்தைக்கு இதயத்தின் வலப்பக்கம்தான் ஓங்கியிருக்கும். கருப்பையில் அந்தப் பக்கத்துக்குத்தான் வேலை அதிகம். இந்தக் கோட்டிலோ இடப்பக்கம் எட்டிப் பார்த்தது. பிறவிக் கோளாறு என்று பயந்து, மெட்ராஸுக்கு அனுப்பச் சீட்டு எழுதினார் டாக்டரம்மா. அவ்வளவு தூரம் அந்த உயிர் தாங்காது என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே டப்பாவை மேஜையில் கொட்டினார். நிறைமாதத் துண்டுகள் எதனோடும் இந்தக் கோடு சேரவில்லை. முன்கூட்டிப் பிறந்தவற்றோடு வைத்தால் அக்கா தங்கை மாதிரி இருந்தது. எழுந்துபோய்க் குழந்தையின் உள்ளங்காலைப் பார்த்தார். ரேகை ஓடியிருக்க வேண்டிய இடம் வழுவழுவென்று இருந்தது.

"இதயம் சரியாத்தான் இருக்கு சிஸ்டர். மாசக் கணக்குதான் இடிக்குது. வலப்பக்கம் ஓங்கறது கடைசி மாசங்கள்லதான்."

மாமியார் காப்பி வாங்கப் போயிருந்த நேரத்தில் கட்டிலருகே உட்கார்ந்து, நிஜமாகவே எத்தனை மாதம் என்று கேட்டேன். அவள் எட்டு விரலை விரித்துக் காட்டிவிட்டுச் சட்டென்று மடக்கிக்கொண்டாள். "அந்த மாசத்த வாயால சொல்லக் கூடாதுங்க்கா. சொன்னா கொழந்த தங்காதும்பாங்க எங்கூட்ல" என்று அழுதாள். எனக்குக் கோபமும் வந்தது, கண்ணீரும் வந்தது.

டாக்டரம்மா திட்டவில்லை. "வாரத்துல சொல்லலாமில்ல?" என்று கேட்டு, சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, கோட்டின் பின்னால் எழுதினார். குழந்தையைப் பஞ்சில் சுற்றி, பாலைப் பீய்ச்சிச் சொட்டுச் சொட்டாகப் புகட்டி, ஒரு மாதம் எங்களோடேயே வைத்துக்கொண்டோம். அது தங்கியது.

போன மாதம் அந்தக் குழந்தை, இப்போது டீச்சர், தன் மகளின் வளைகாப்புக்கு அழைக்க வந்திருந்தாள். கூடவே கிழவியாகிவிட்ட அம்மாவும், வயிற்றைத் தாங்கிக்கொண்டு அந்த மகளும். "எத்தனை மாசம்?" என்று கேட்டேன். "முப்பத்தொரு வாரம்ங்க, போன்லயே காட்டுது" என்றாள் மகள். கிழவி அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டு விரலை விரித்து மடக்கினாள்.

நான் பெட்டியைத் திறந்து துண்டை எடுத்துக் கொடுத்தேன். டீச்சர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஆருதுங்க இது?"

"உன்னுதுதான் கண்ணு."