ராகுகாலத்துக்கு முன் காய்ச்சிய பால்

என் மனைவி பேரப்பிள்ளைகளைப் பார்க்கவென்று சிட்னிக்குப் போய் நான்கு வருடமாகிறது. ஆறு மாதத்துக்கென்றுதான் போனாள். முதல் பேரன் நடக்கத் தொடங்கும்போது இரண்டாவது பிறந்துவிட்டது. அங்கே லிட்கம் என்ற இடத்தில் மகளின் வீட்டில் இரண்டே அறைகள். நான் போனால் வரவேற்பறைச் சோபாவில் படுக்க வேண்டும். மூன்றாம் நாளே முதுகு பிடித்துக்கொள்ளும். மெல்பேர்னுக்குத் திரும்பி வந்து ரோவில் பகுதியிலுள்ள எங்கள் வீட்டில் நாலு அறைகளுக்கும் நான் ஒருவனே காவல் இருப்பேன்.

அதனால்தான் அந்தப் பழைய மோட்டர்ஹோமை வாங்கினேன். கட்டில், குசினி, குளியலறை எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன. மகளின் வீட்டு முற்றத்தில் நிறுத்தினால் மனைவியிடமிருந்து பத்தடி தூரத்தில் நான் படுக்கலாம். மகள் ஒரு நிபந்தனை வைத்தாள்: பிள்ளைகள் ஏறி விளையாடும் வண்டி, எல்லாம் பரிசோதித்துக் கடிதம் இருந்தால்தான் முற்றத்துக்குள் விடுவாள்.

எனக்கா சொல்லித் தர வேண்டும்? தொழிற்சாலையில் முப்பது வருடம் பாதுகாப்புப் பட்டியலை வைத்துக்கொண்டு மற்றவர்களை வெருட்டியவன் நான். ஒரு கிழமை வண்டிக்குள்ளேயே கிடந்தேன். ரயர்கள் பார்க்கப் புதிதுபோல இருந்தன. பக்கத்தில் பொறித்திருந்த, செய்த வருடத்தைக் காட்டும் நாலு இலக்கத்தைப் பார்த்தால், மூத்த பேரனைவிட அவற்றுக்கு வயது அதிகம். ஆறையும் மாற்றினேன். தீயணைப்பான் காலாவதியாகியிருந்தது. மழைநீர் இறங்கி உளுத்திருக்கிறதா என்று சுவர்களைப் பெருவிரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். ஒரு மூலை மட்டும் ஊறிய பாண் மாதிரி மெத்தென்று உள்ளே போனது. அதையும் வெட்டி அடைத்தேன்.

மிஞ்சியது காஸ் அடுப்பு. அதை அனுமதி பெற்றவர்தான் பார்க்க வேண்டும். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆள் வருவதாக இருந்தது. அதை மனைவிக்குச் சொன்னதுதான் வினை. அவள் கலண்டரைப் பார்த்தாள்.

"அது ராகுகாலமெல்லோ. இஞ்சாருங்கோ, ஆக்கள் வந்து கை வைக்க முதல் பாலைக் காய்ச்சிப்போடுங்கோ. படுத்து எழும்பினால் அதுவும் வீடுதானே."

ஊருக்குத்தான் உபதேசம். பரிசோதிக்காத அடுப்பைப் பற்றவைக்க வேறொருவன் வந்திருந்தால் அவனைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன். ஆனால் அவள் அதை வீடு என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

சனிக்கிழமை எட்டேகாலுக்குப் பானையை வைத்தேன். ஒரு கையில் தொலைபேசி. அதில் மனைவியின் முகம். குளிருக்கு யன்னல்களையெல்லாம் இறுக்கிச் சாத்தியிருந்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நல்லாப் பொங்கிவிட்டது என்று அவள் சிரித்தாள். பின்னால் சின்னவன் அழ, பிறகு எடுப்பதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

நான் பானையை இறக்கி, ஒரு கோப்பையில் பாலை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். புது வீட்டுக்குப் பால் காய்ச்சினால் பத்துப் பேராவது நின்று குடிப்பார்கள். நான் ஒருவனாகக் குடித்தேன். குடித்து முடிக்க அரை மணித்தியாலம் எடுத்தது. வருகிறவருக்கும் எனக்கும் தேநீர் வைக்கலாமென்று எழுந்து லைட்டரைக் கையில் எடுத்தேன்.

அப்போது கதவு திறந்தது. காஸ் பரிசோதகர் ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும். படியில் ஒரு கால் வைத்தவர் அப்படியே நின்றார். லைட்டரை அழுத்தாமல் மெதுவாகக் கீழே வைக்கும்படியும், ஒரு சுவிட்சையும் தொடாமல் வெளியே வரும்படியும் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. லைட்டரை வைத்துவிட்டு இறங்கினேன்.

வழிந்த பால் நெருப்பை அணைத்திருக்கிறது. குமிழ் திறந்தபடியே இருந்திருக்கிறது; நெருப்பைக் காணாததால் அதை நான் மூடிவிட்டதாக நினைத்திருந்தேன். நெருப்பு அணைந்தால் காஸைத் தானாக நிறுத்தும் வசதி அந்தப் பழைய அடுப்பில் இல்லை. அவர் சிலிண்டரின் வாயை மூடி, கதவுகளைத் திறந்துவிட்டு, நெடுநேரம் கழித்துக் கருவியைத் தரையருகே பிடித்துப் பார்த்தார். காஸ் காற்றைவிடக் கனமாம், கீழேதான் தேங்குமாம். புது அடுப்பும் தரையோடு ஒட்டி ஒரு எச்சரிக்கை மணியும் பூட்டாமல் கடிதம் தர மாட்டேன் என்றார்.

இவ்வளவு நாற்றத்துக்குள் எப்படி உட்கார்ந்திருந்தீர்கள் என்று பிறகு கேட்டார். மூன்று வருடத்துக்கு முன் வந்த காய்ச்சலோடு மூக்குக்கு மணம் தெரியாமல் போய்விட்டது என்றேன். அதை அன்றுதான் முதன்முதலாக ஒரு மனிதரிடம் சொன்னேன். வீட்டில் யாராவது இருந்து கறி கருகுகிறது என்று கத்தினால்தானே, எனக்கு மணக்கவில்லையே என்று சொல்ல வரும்.

மத்தியானம் மனைவிக்குத் தொலைபேசி எடுத்து நடந்ததைச் சொன்னேன். மூக்கைப் பற்றியும் சொல்ல வேண்டியிருந்தது.

"எப்ப இருந்து?"

"மூண்டு வருசமா."



"அப்ப நான் வறுத்து அனுப்பின கறித்தூளெல்லாம் நல்ல வாசமெண்டு ஒவ்வொரு முறையும் சொன்னனீங்கள்?"

"ஓம், சொன்னனான்."

"வேற என்ன எனக்குச் சொல்லாமல் வச்சிருக்கிறியள்?"

சொல்ல நிறைய இருந்தது. பெரியதை முதலில் சொன்னேன்.

"எனக்குத் தனிய இருக்க ஏலாது."