வெட்டாத கல்யாணம்

கம்ப்யூட்டர் கடைகளில் ஒரு வதந்தி: யாரோ ஒரு பெண்மணி வருவாளாம், எதையும் வாங்க மாட்டாளாம், யாருடைய கல்யாணத்தையோ பெரிய திரையில் போட்டுப் பார்த்து அழுதுவிட்டுப் போவாளாம். விசாரித்ததில் கல்யாணம் உண்மை. அழுகை, விற்க முடியாமல் போன விற்பனையாளர்களுடையது.

அந்தப் பெண்மணி வீடியோ எடிட்டர். கடைகளில் அவளுக்குப் பெயர் கல்யாண அக்கா. பழைய கம்ப்யூட்டர் மூச்சு வாங்க ஆரம்பித்ததிலிருந்து புதியது தேடுகிறாள். விளம்பரத் தாளைத் திரும்பியும் பார்ப்பதில்லை. பையிலிருந்து ஹார்ட் டிஸ்க்கை எடுத்து, தங்கையின் கல்யாணத்தை ஓடவிடுவாள். நான்கு கேமரா, கொட்டும் மழை, மினுக்கும் விளக்குகள், மேலிருந்து உதிரும் பூவிதழ்கள், நடுவே ஒரு கூட்டத்தின் ஆட்டம். பேர்போன கம்ப்யூட்டரெல்லாம் பூவிதழ் விழும் இடத்தில் திக்கித் திணறி நின்றுவிடும்.

ஓடும்போதே பெட்டியின் முதுகில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பாள். மானிட்டர் என்றால், தங்கையின் கல்யாண உடுப்பில் மிஞ்சிய சிவப்புத் துண்டைத் திரையோடு ஒட்டிப் பிடிப்பாள். "இது செவப்பா? தக்காளிப்பா." அடுத்த மானிட்டர்.

"பொட்டி பூரா கலர் லைட்டு எரியும்க்கா."

"எரியட்டும். மெமரி பின்னாடி சேத்துக்கலாமா? அதைச் சொல்லு."

மென்பொருளில் மாதச் சந்தா கட்டும் வகை அவளுக்கு ஆகாது. "மாசம் பொறந்தா வீட்டு ஓனர் மாதிரி கதவைத் தட்டும். ஒரு தரம் காசு குடுத்தோமா, நம்மளுதுன்னு இருக்கணும்."

தொழிலில் கை கூசாதவள். அடுத்தவர் கல்யாணத்தில் மாமனாரின் அரைமணி நேர வாழ்த்துரையை "நல்லா இருங்க" என்பதோடு நறுக்கிவிடுவாள். தங்கையின் கல்யாணம் மட்டும் பத்து வருடமாக எடிட் ஆகாமல் அப்படியே கிடக்கிறது. கேட்டால், "மெஷின் சரியில்ல."

போன சனிக்கிழமை தங்கையும் கூடவே கடைக்கு வந்துவிட்டாள். அடுத்த வாரம் பத்தாவது கல்யாண நாள். விருந்தாளிகளுக்குப் போட்டுக் காட்டப் படம் வேண்டும்.

"என் பொண்ணுக்குப் பல்லு விழுந்து முளைச்சாச்சு. என் கல்யாண வீடியோ இன்னும் முளைக்கலக்கா."

"மெஷின் சரியில்லடி."

விற்பனையாளர் மூலையிலிருந்த கறுப்புப் பெட்டியில் டிஸ்க்கைச் செருகினார். மழை வந்தது, விளக்கு வந்தது. "இப்ப மாப்பிள்ளை வழுக்குவாரு பாருங்க" என்றார். வழுக்கினார்.

தங்கை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஊர்ல இருக்கற கடைக்காரங்க எல்லாரும் பாத்தாச்சு. கட்டிக்கிட்டவ நான்தான் பாக்கல."

பூவிதழ்கள் விழுந்தன. படம் திக்கவில்லை. அக்கா பெட்டியின் முதுகைத் தொட்டாள், சூடில்லை. காது கொடுத்தாள், சத்தமில்லை. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காத மாமியார் போல் விழித்தாள்.

"இனிமே என்ன சாக்கு?"

"சாக்கு என்னடி சாக்கு? தம்பி, இதையே பில் போடுப்பா."

"வீடியோ?"

"தரேன்."

"இப்பவே ஆரம்பி. இங்கயே. நான் பாக்கணும்."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திரையில் தங்கை மண்டப வாசலில் குடையில்லாமல் நின்று, கேமராவிடம் ஏதோ சொல்ல வந்து, மறந்துபோய்ச் சிரிக்கிறாள், சிரித்துக்கொண்டே இருக்கிறாள். வேறு யாருடைய கல்யாணத்திலும் மூன்று நொடிக்கு மேல் அக்கா விட்டுவைக்காத காட்சி. விசையை அழுத்தினாள். பத்து வருடத்தில் முதல் வெட்டு. சிரிப்பு பாதியில் நின்றது.

தங்கை கை தட்டினாள்.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், இரண்டு விரலால், வெட்டியதைத் திரும்ப ஒட்டிவிடும் அன்டூவை அழுத்தினாள்.