சோலையம்மாளின் மகள் அநாதையல்ல

எரியோட்டை அடுத்த ஒரு சிற்றூரில், கிளாரா என்ற பெல்ஜியம் நாட்டுப் பெண்மணி 1996இல் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். முதல் நாளிலிருந்து அங்கே சமையல் சோலையம்மாள்தான். அவள் கணவர் பெருமாள்சாமி முருங்கையும் கடலையும் போட்டுவந்தார். ஒரே மகள் தமிழ்மதி.

கிளாரா கெட்டவர் என்று சோலையம்மாள் ஒருநாளும் சொன்னதில்லை. ஊர்க் கல்யாணங்களில் தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடுவார். தமிழ்மதிக்கு டைபாய்டு வந்தபோது மூன்று நாள் ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே இருந்தார். ஊருக்கு ஆழ்துளைக் கிணறு போட்டுத் தண்ணீர் கொடுத்ததும் அவர்தான். ஊர் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. பள்ளிக்கூடம் விட்டதும் தமிழ்மதி அம்மாவைத் தேடி இல்லத்துக்கு வருவாள். கிளாரா எல்லாப் பிள்ளைகளையும் படம் எடுப்பார். எதற்கென்று யாரும் கேட்டதில்லை.

2002 தை மாதம் வெளிநாட்டிலிருந்து ஒரு வயதான அம்மாள் வந்தார். கையில் வழவழப்பான ஓர் அட்டை. வேனை விட்டு இறங்கியதும் நேரே தமிழ்மதியிடம் போய், கட்டிப்பிடித்து அழுதார். சோலையம்மாள் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"இந்தம்மா ஏன் தம்பி அழுகுது?" என்று வேன் ஓட்டுநர் சேவியரிடம் கேட்டாள். அவருக்கு ஆங்கிலம் தெரியும்.

"ஒண்ணுமில்லக்கா. நீங்க உள்ள போங்க."

"சொல்லுங்க."

சேவியர் தரையைப் பார்த்தார். "அந்த அட்டையில பாப்பா படம் இருக்கு. அப்பா செத்துட்டாரு, அம்மா விட்டுட்டுப் போயிருச்சுன்னு எழுதியிருக்குக்கா. அதப் பாத்துட்டுத்தான் இவங்க பணம் அனுப்புறாங்க."

வந்தவர் சோலையம்மாளைக் காட்டி ஏதோ கேட்டார். 'குக்' என்று கிளாரா சொன்னது அவளுக்கே விளங்கியது.

"நான் இவளப் பெத்தவ. இவ அப்பா தோட்டத்துல முருங்கக்கா பறிச்சிட்டு நிக்கிறாரு. அப்படியே சொல்லுங்க தம்பி."

சேவியர் அதை மொழிபெயர்க்காமல் வேனுக்குத் திரும்பினார். கிளாரா அவளை உள்ளே கூட்டிப்போனார்.

"சோலை, உண்மை சொன்னா யாரும் குடுக்க மாட்டாங்க. அந்தப் பணத்துலதான் எல்லாப் பிள்ளையும் சாப்பிடுது."

"அதுக்கு எம்புருசன் சாகணுமாம்மா? எங்க வீட்டுல வந்து சாப்பிட்டிருக்கீங்க. அவரு கையால வெட்டுன எளநி குடிச்சிருக்கீங்க."

சோலையம்மாள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியேறினாள்.

ஊர்க் கூட்டத்தில் முறையிட்டாள். ஊர்ப் பெரியவர் சுருளிவேல் சாவகாசமாகச் சொன்னார்: "காகிதத்துல செத்தா செத்துட்டானா? தண்ணி வருதுல்ல. பேசாம இரு தாயி."

"அப்ப உங்க பேத்தி படத்தக் குடுங்க. உங்க மகன் செத்துட்டான்னு எழுதட்டும்."

கூடியிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

அதிகம் பேசாத பெருமாள்சாமி மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். மூவரும் திண்டுக்கல் போய் ஒரு ஸ்டுடியோவில் படம் எடுத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூட டீச்சர் அறிவுச்செல்வி அந்த வெளிநாட்டு அம்மாளுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதித் தந்தார். முகவரியை யாருக்கும் தெரியாமல் கொடுத்தது சேவியர்.

வைகாசியில் பதில் வந்தது. அந்த அம்மாள் மன்னிப்புக் கேட்டிருந்தார். இனிப் பணம் அனுப்பப் போவதில்லை என்றும் எழுதியிருந்தார். விஷயம் பரவி, பணம் அனுப்பிய மற்றவர்களும் நிறுத்தினார்கள். கிளாரா அட்டைகளைத் திரும்பப் பெற்றார். பணம் போதாமல் ஆறு பிள்ளைகள் வேறு இல்லத்துக்கு அனுப்பப்பட்டார்கள்.

அந்த ஆறு பிள்ளைகள் போன பழியை ஊர் சோலையம்மாள் தலையில் போட்டது. குழாயடியில் பெண்கள் அவளோடு பேசவில்லை. விசேஷத்துக்கு அழைக்கவில்லை. அவள் அதே குழாயடிக்குத் தினமும் குடத்தோடு போனாள். பிறகு வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் சேர்ந்தாள்.

ஒருநாள் மில் பஸ்ஸில் பக்கத்து ஊர்க்காரி கேட்டாள், "உன்னாலதான அந்தப் பிள்ளைக போச்சு?"

"பொய் சொன்னவங்கள ஏன் ஒருத்தரும் கேக்கல? அந்தப் பிள்ளைகளுக்கு நானும் ஆறு வருசம் சோறாக்கிப் போட்டவதான். எனக்கு வலிக்காதா?" என்றாள் சோலையம்மாள்.